விமானம் வந்த நேரத்துக்கு நான் சாட்சி

முப்பத்தோரு வருடம் நிலக்கரிச் சுரங்கத்தின் டைம் ஆபீஸில் குப்பை கொட்டியவன் நான். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், எத்தனை மணிக்கு வெளியே போனான் என்று பார்த்து எழுதுவதுதான் வேலை. கேட்பவர்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று தோன்றும். உட்கார்ந்து பார்த்தால் தெரியும். அண்ணன் கார்டைத் தம்பி பஞ்ச் பண்ணுவான். ஷிப்டு சங்கு ஊதும்போது கார்டு உள்ளே இருக்கும், ஆள் குவார்ட்டர்ஸில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். ஒரே மாமியாரை மூன்று தடவை சாகடித்து லீவு வாங்கிய ஆசாமி ஒருவன் எங்கள் செக்‌ஷனிலேயே இருந்தான். அதனால் ஆளைக் கண்ணால் பார்க்காமல் நான் ஒரு நிமிடம்கூட எழுதமாட்டேன். சந்தேகப் பிராணி என்று என்னை முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், சிலர் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

இப்படிப்பட்ட நான் ஒன்பது வருடம் எங்கள் சுரங்க டவுன்ஷிப்பையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். எழுதும்போது இப்போதும் காது சூடாகிறது.

என் ஒரே மகளுக்குப் பத்து வயதில் சர்க்கரை வியாதி வந்தது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள், சாப்பிடச் சாப்பிட இளைத்தாள். மதராஸுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு தனியார் டாக்டரிடம் காட்டினோம். தினமும் ஊசி, ஆயுள் முழுக்க ஊசி, வேறு வழியில்லை என்றார். எப்போது சார் குணமாகும் என்று கேட்டேன். உலகம் பூராவும் ஆராய்ச்சி நடக்கிறது, பார்க்கலாம் என்றார். வாசலில் நிற்கிறவனை நாளைக்கு வா என்று அனுப்புகிற மாதிரி இருந்தது எனக்கு. அதில் ஒரு எழுத்தையும் நான் நம்பவில்லை.

பெண் குழந்தை. இன்றைக்கு ஊசி என்று ஊருக்குத் தெரிந்தால் நாளைக்கு எவன் வாசல்படி ஏறுவான்? எங்களைப் போலத் தென்மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் டவுன்ஷிப்பில் ஏராளம். ஊர் விட்டு ஊர் வந்தும் சம்பந்தம் மட்டும் அதே ஜில்லா, அதே வகையறாவுக்குள் தேடுவோம். மொத்தமே முப்பது நாற்பது வீடுகள் தேறும். ஒரு வீட்டில் இருமினால் மற்ற வீடுகளில் கஷாயம் கொதிக்கும். என் மனைவிக்கும் அப்போது லேசாகச் சர்க்கரை இருந்தது, மாத்திரையோடு போகிற அளவு. அந்த மதராஸ் டாக்டரின் கையைப் பிடித்துக் கெஞ்சி, ஊசி மருந்தை மனைவி பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன். அதைக் காட்டி மாதாமாதம் டவுன்ஷிப் ஆஸ்பத்திரி வரிசையில் நின்று மருந்து வாங்கினேன். மருந்துச் சீட்டில் அம்மா, தொடையில் குத்திக்கொள்வது மகள். பழி என் மேல் வரட்டும், கல்யாணம் ஆனவளுக்கு எத்தனை ஊசி இருந்தால் என்ன என்று என் மனைவியே சொன்னாள். அப்படி ஒரு மனுஷி அவள்.

காலையில் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைப்போம். சிறுநீரில் நீலத் திரவத்தை ஊற்றிச் சூடு பண்ணிப் பார்க்க வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது, செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை ஏறியிருக்கிறது. மருந்துப் பாட்டில் அடுப்படி மூலையில் ஈரமணல் சட்டிக்குள் இருக்கும். என்னங்க வாசனை அது என்று பக்கத்து வீட்டம்மா சன்னல் வழியாகக் கேட்டபோது, மகளுக்கு கெமிஸ்ட்ரி ப்ராக்டிகல் என்று சொல்லிவைத்தேன். அந்தம்மா நம்பின மாதிரிதான் தலையாட்டினாள். ஆனால் அந்த சன்னலை அன்றிலிருந்து நான் திறக்க விடவில்லை.

இப்படியே மகள் பி.எஸ்ஸி. இரண்டாவது வருடம் வந்துவிட்டாள். எண்பதுகளின் தொடக்கம் அது. அனல்மின் நிலையத்தில் ஜூனியர் இன்ஜினியராக இருந்த ஒரு பையன் வீட்டிலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் ஜில்லாதான், வேறு பிளாக்கில் குவார்ட்டர்ஸ். பையனின் அம்மா என்னைவிடக் கெட்டிக்காரி. பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் கண் அடுப்படி வரைக்கும் போய்த் திரும்பியது. அவர்களிடம் மனைவிக்குச் சர்க்கரை, ஊசி போட்டுக்கொள்கிறாள் என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். நாளைக்கு ஏதாவது கண்ணில் பட்டாலும் சொல்லிவிட்டதாக இருக்கட்டுமே. அந்தம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, பூ வைக்க நாள் பார்க்கலாம் என்றாள்.

அந்த வாரம்தான் விமானம் வருகிற செய்தி வந்தது.

டவுன்ஷிப் ஆபீசர்கள் சேர்ந்து ஒரு சேவைச் சங்கம் நடத்தினார்கள். அதன் செயலாளர், எலெக்ட்ரிக்கல் பக்கத்து ஆபீசர், டைம் ஆபீஸுக்கே என்னைத் தேடி வந்தார். வெளிநாட்டுக்காரர் ஒருவர், அறுபது வயது, ஒரே இன்ஜின் வைத்த குட்டி விமானத்தில் உலகத்தைச் சுற்றி வருகிறாராம். கூடவே அவர் மகளாம். அத்தனை சின்ன விமானத்தில் அத்தனை குறைந்த நாளில் இதுவரை யாரும் சுற்றியதில்லையாம். வழியில் இறங்குகிற இடத்திலெல்லாம் ஜனங்கள் கொடுக்கும் நன்கொடை மருத்துவ ஆராய்ச்சிக்குப் போகுமாம். அவருக்கும் எங்கள் பெரிய ஆபீசர் ஒருவருக்கும் பழைய சிநேகிதமாம், நம் டவுன்ஷிப் விமானத் தளத்தில் நாலு மணி நேரம் இறங்கிப் போவார்களாம். அனுமதியெல்லாம் மேலிடத்தில் வாங்கியாகிவிட்டது.

சாதனை பண்ணுகிற அவசரத்தில் இருப்பவன் எதற்காக நடுவழியில் நின்று மாலை வாங்கிக்கொள்கிறான் என்று கேட்டேன். செயலாளர் சிரித்தார். இந்தச் சந்தேகத்துக்காகத்தான் உங்களிடம் வந்தேன் என்றார். இறங்கிய நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் ஒவ்வொரு ஊரிலும் ஒரு பொது ஆள் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் சாதனை செல்லாது. டைம் ஆபீஸில் உங்களை விட்டால் யார் என்றார். ஒரு பக்கம் பெருமையாகத்தான் இருந்தது. என்ன ஆராய்ச்சி சார் என்று சும்மா கேட்டுவைத்தேன்.

"சர்க்கரை வியாதிதான். அந்தப் பொண்ணுக்கே சின்ன வயசுலருந்து இருக்காம், தெனம் ஊசியாம்."

யாரோ எதையோ சொல்லி இவரை அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் முகத்தையே பார்த்தேன். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். ஆஸ்பத்திரி வரிசையில் ஒருநாள் என் பின்னால்தான் நின்றிருந்தாராம், என் மனைவிக்கு நான் ஊசி மருந்து வாங்கியதைப் பார்த்தாராம். மேடையில் அந்தப் பெண்ணுக்குப் பூச்செண்டு கொடுக்க என் மனைவி வந்தால் பொருத்தமாக இருக்கும், இரண்டு வார்த்தை பேசினாலும் போதும் என்றார். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். முடியாது என்றால் ஏன் என்று கேட்பாரே. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

வீட்டில் என் மனைவி அதிகம் யோசிக்கவில்லை. போகாமல் இருந்தால்தான் பேச்சு வரும், போய்விட்டு வந்துவிடலாம் என்றாள். மகள் தட்டில் சோற்றை அளைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணும் ஊசி போட்டுக்கிறவதானாப்பா?"

"அப்படித்தான் சொல்றாங்க. எவன் கண்டான்."

"நானும் வரேம்ப்பா. என்னை மாதிரி இன்னொருத்தர நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்ல."

வேண்டாம் என்றேன். பையன் வீட்டார் வருவார்கள், நீ அவர்கள் கண்ணில் அடிக்கடி படக்கூடாது என்று காரணம் சொன்னேன். அவள் சோற்றை வாயில் வைக்கவில்லை. ஆனால் தட்டை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடைசியில் லேடீஸ் வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரவேண்டும், வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லிச் சம்மதித்தேன்.

அன்று காலை எட்டு மணிக்கே தளத்துக்குப் போய்விட்டேன். கைக்கடிகாரத்தை ரேடியோ செய்திக்கு முன்னால் வரும் மணியோசையோடு ஒப்பிட்டு வைத்திருந்தேன். ஷாமியானா போட்டு, மைக் கட்டி, எனக்கென்று ஒரு மேசை நாற்காலி. கம்பி வேலிக்கு வெளியே சுற்றுப்பட்டு கிராமத்து ஜனம் நூறு பேராவது நின்றார்கள். அவர்கள் வேடிக்கை பார்க்க வந்த மாதிரி தெரியவில்லை. ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை. இரண்டாம் சுரங்கத்துக்கு இன்னும் நிலம் எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சிருந்த சமயம் அது. அந்தச் சின்ன விமானம் இறங்குவதற்கு முன் ஓடுபாதையைப் பார்ப்பதற்காக ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்தது. அவ்வளவுதான், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரே கசமுசா.

"எங்க கொல்லையெல்லாம் போட்டா புடிச்சிகினு போவத்தான சுத்துது? நெசத்த சொல்லுங்க சார்" என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார்.

இல்லை, இது ஆஸ்பத்திரி விஷயம் என்றேன். அவர் நம்பவில்லை. நம்பும்படி அழுத்திச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. உள்ளே கேமரா இல்லை என்று நான் என்ன கண்டேன்?

சக்கரம் தரையில் பட்டது பத்து மணி பன்னிரண்டு நிமிடம். எழுதிக்கொண்டேன். கதவு திறந்து முதலில் அந்த மனிதர் இறங்கினார், பனைமரம் மாதிரி உயரம், சட்டையெல்லாம் எண்ணெய்க் கறை. பின்னால் மகள். இருபத்தைந்து வயது இருக்கும். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது, காலில் சாதாரண ரப்பர் செருப்பு. நான் விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பெரிய பெட்ரோல் டாங்கி வைத்திருந்தார்கள். அத்தனை பெட்ரோலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கடலுக்கு மேல் பறக்கிறார்களாம், கூட ஒரு நோயாளிப் பெண்ணாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கவேண்டியவளை எந்தத் தகப்பன் இப்படிக் கூட்டிக்கொண்டு அலைவான்? இது சுத்த ஏமாற்று, ஜனங்களின் இரக்கத்தை வைத்துப் பிழைக்கிற கூட்டம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அப்போது அவர் பீப்பாயிலிருந்து பெட்ரோல் நிரப்பிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் தள்ளி வந்து இறக்கை நிழலில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு பிளாஸ்க்கை எடுத்தாள், அதிலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்த அதே மாதிரிக் குட்டிப் பாட்டில். சட்டையை ஓரமாகக் கொஞ்சம் தூக்கி வயிற்றில் குத்திக்கொண்டாள். ஆபீசர்கள், டிரைவர்கள், வேலிக்கு வெளியே நூறு பேர், யாரைப் பற்றியும் அவளுக்குக் கவலையில்லை. தண்ணீர் குடிக்கிற மாதிரி செய்து முடித்துவிட்டு, ஒரு வாழைப்பழத்தை உரிக்க ஆரம்பித்தாள்.

வெறும் தண்ணீர் ஊசியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நம்பினால் நம்புங்கள், அப்படித்தான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் லேடீஸ் வரிசையில் என் மகள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அவளும் அதைப் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் என் மனைவி முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

கூட்டம் ஆரம்பித்தது. முன்வரிசையில் பையனின் அம்மா, பட்டுப்புடவையோடு. பெரியவர்கள் பேசினார்கள், மாலைகள் போட்டார்கள். என் மனைவி பூச்செண்டைக் கொடுத்தாள். அத்தோடு விட்டிருந்தால் தொல்லையில்லை. அந்த வெள்ளைக்காரப் பெண் என் மனைவியின் கையை விடவே இல்லை. உட்காரவைத்து ஏதேதோ கேட்டாள். என் மனைவிக்கு இங்கிலீஷ் வராது. செயலாளர் கூட்டத்தைப் பார்த்து, அம்மாவோட பொண்ணே வந்து மொழிபெயர்க்கட்டுமே என்று மைக்கில் கூப்பிட்டார். நான் மேசையிலிருந்து எழுந்துவிட்டேன். அதற்குள் என் மகள் மேடையில் இருந்தாள். அத்தனை வேகமாக அவள் நடந்து நான் பார்த்ததில்லை.

காலையில் எவ்வளவு மருந்து என்று முதல் கேள்வி. என் மனைவி முழித்தாள். மகள் அம்மாவின் முகத்தைப் பார்க்காமலேயே பதில் சொன்னாள், சரியான அளவு. வெயில் காலத்தில் மருந்தை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள் என்று அடுத்தது. ஈரமணல் சட்டியைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பெண் கைகொட்டிச் சிரித்து, அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு, சர்க்கரை திடீரென்று இறங்கிவிட்டால் என்ன மாதிரி இருக்கும் என்று கேட்டாள். அம்மாவுக்கு எப்படி இருக்கும் என்றுதான் கேள்வி. என் மகள் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் உதடு மரத்துப்போகும், கரும்பலகையில் எழுத்தெல்லாம் ஓடும், யார் மேலாவது காரணமில்லாமல் கோபம் வரும், பிறகு அழுகை வரும் என்று சொல்லிக்கொண்டே போனாள். இங்கிலீஷில்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும். ஒன்பது வருடத்தில் எங்களிடம் அவள் சொல்லாத விஷயம் அது. கரும்பலகை எழுத்து ஓடுமென்று எனக்குத் தெரியாது.

அந்தப் பெண் பேனாவை மூடிவிட்டாள். என் மனைவியைப் பார்த்தாள், என் மகளைப் பார்த்தாள். மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு என் மகளிடம் மெதுவாக ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள் என்று எனக்குக் கேட்கவில்லை, கேட்கவும் தேவையில்லை. என் மகள் நிமிர்ந்து, கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று. ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக ஆட்டினேன்.

அவள் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஊசி போட்டுக்கிறது எங்க அம்மா இல்ல. நான்தான். பத்து வயசுலருந்து."

அந்த வெள்ளைக்கார மனிதருக்குத் தமிழ் புரியவில்லை. ஏதோ நல்ல விஷயம் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டு கைதட்டினார். பெரிய மனிதர் தட்டுகிறாரே என்று இரண்டு ஆபீசர்களும் தட்டினார்கள். என் மனைவி மேடையிலேயே முகத்தை மூடிக்கொண்டாள். முன்வரிசையில் பையனின் அம்மா எழுந்தாள், புடவைக் கொசுவத்தைத் தட்டிச் சரிசெய்தாள், யாரையும் பார்க்காமல் போய்விட்டாள்.

விமானம் கிளம்பும்போது நான் கையெழுத்துப் போடவேண்டும். இரண்டு மணி இருபது. படிவத்தில் பார்த்தால் பத்து மணி பன்னிரண்டு என்று எழுதியிருக்கிறேன், வந்த நேரத்தையே திரும்பவும். என் சர்வீஸில் அதற்கு முன்னால் நான் ஒரு நேரத்தைத் தப்பாக எழுதியது கிடையாது. அடித்துவிட்டுத் திருத்திச் சுருக்கொப்பம் வைத்தேன். அந்த மனிதர் இதற்குள் யாரிடமோ விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். படிவத்தை வாங்கிக்கொண்டு என் கையைக் கெட்டியாகப் பிடித்தார். மகளுக்கு வந்ததை அவர் முதல் இரண்டு வருடம் தன் சொந்த அண்ணனிடம்கூடச் சொல்லவில்லையாம். அவர் பேசிய இங்கிலீஷ் எனக்குப் பிடிபடவில்லை, செயலாளர்தான் தமிழில் சொன்னார். என்னைச் சமாதானப்படுத்த அளக்கிறார் என்று நினைத்தேன். கையை உருவிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் ஊர்ப்பேச்சு வந்துவிடும். ஏட்டி, ஒம்பது வருஷம் மூடி மூடி வளர்த்ததை ஒரு நிமிஷத்தில் தெருவில் போட்டு உடைத்துவிட்டாயே, உன் தலையில் நீயே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாயே என்று கத்தினேன். கை ஓங்கிவிட்டேன். என் மனைவி குறுக்கே வந்து நின்றாள். மகள் அசையவில்லை, அழவும் இல்லை.

"நீங்க வேணாம்னு தலையாட்டினீங்கல்ல, அதை அந்தப் பொண்ணும் பார்த்தாப்பா. அவ அப்பா பக்கத்துல நிக்கிறார், நீங்க அங்க நின்னு தலையாட்டறீங்க. எனக்கு உங்களை நினைச்சு வெக்கமாயிடுச்சு."

இத்தனை வயதில் எத்தனையோ பேர் என்னை என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள். இது போல ஒன்று என் மேல் விழுந்ததில்லை.

நாலாம் நாள் ஜாதகம் திரும்பி வந்தது. பையனுக்கு இந்த வருடம் கல்யாண யோகம் இல்லையாம். போன மாதம் இருந்த யோகம் எங்கே போனது என்று கேட்கலாம்தான், யாரிடம் கேட்பது? என் மனைவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, அப்போ அந்த கெமிஸ்ட்ரி ப்ராக்டிகலெல்லாம் என்று இழுத்தாள். ஆமாம், அதெல்லாம் பொய்தான் என்றேன். அந்தம்மா எதிர்பார்க்கவில்லை. மருந்து வைக்க ஃப்ரிட்ஜ் வேணும்னா எங்க வீட்டுல வெச்சுக்கலாமே என்று சொல்லிவிட்டுப் போனாள். அதில் என்ன உள்குத்து இருக்கிறது என்று ரொம்ப நேரம் யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

அதற்கப்புறம் பேப்பரில் ஒரு மூலையில் சின்னச் செய்தி வந்தது. அப்பனும் மகளும் உலகத்தைச் சுற்றி முடித்துவிட்டார்களாம், சாதனைதானாம். மகள் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டாள். பத்து பன்னிரண்டுக்கு வந்து இரண்டு இருபதுக்குப் போன வரைக்கும் உண்மை என்று மட்டும் நான் சத்தியம் பண்ணுவேன், மற்ற ஊர்க் கதை எனக்குத் தெரியாது.

அந்தச் செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் யாரோ சார் சார் என்று கூப்பிட்டார்கள். முப்பத்தைந்து வயது ஆள், வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை, கம்மாபுரம் பக்கத்து ஊர் என்று சொன்னார். எனக்கு உடனே மூக்கில் வேர்த்தது. கான்ட்ராக்ட் ஆட்கள் என் வீடு தேடி வருவது அட்டெண்டன்ஸ் திருத்தத்தான். ஆபீஸ் விஷயத்தை ஆபீஸில் வந்து பேசு, வீட்டுக்கு வராதே என்று கறாராகச் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

"ஆபீஸ் விசயம் இல்லீங்க சார்" என்றார். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, படியேறி என் காதருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு நானும் வேலியாண்ட நின்னுகினு இருந்தேங்க. எங்க நெலத்த அளக்கத்தான் வந்துக்குதுன்னு போனேன். உங்க பொண்ணு மைக்குல சொன்னத கேட்டேன். எம் பொண்ணுக்கும் அதான்ங்க. ஒம்பது வயசு ஆவுது. கடலூர் பெரியாஸ்பத்திரில ஊசி குடுத்திருக்காங்க. ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது."

அதைக் கேட்டதும் என் கோபம் இறங்கிவிட்டது. தைரியம் வந்து பேச வந்திருக்கிறார், என் மகளைப் பார்த்து இவருக்கும் துணிச்சல் பிறந்திருக்கிறது என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன், வெட்கமில்லாமல். உட்காருங்கள் என்றேன். அவர் உட்காரவில்லை.

"ஒம்பது வருசமா டவுன்ஷிப்புக்குள்ளயே யாருக்கும் தெரியாம வெச்சிருந்தீங்களாமே சார். அத எப்புடிங்க செஞ்சீங்க? எனுக்கும் சொல்லிக்குடுங்க. கண்ணாலம் கட்டிக் குடுக்கற வரைக்கும் வெளிய தெரியக்கூடாதுங்க. உங்கள விட்டா எனுக்கு வேற யாரையும் தெரியாது."

அவர் கேலி பண்ணவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, வாத்தியாரிடம் நிற்கிற மாதிரி நின்றார். அட்டெண்டன்ஸ் திருத்த வந்தவனாக இருந்திருக்கக்கூடாதா என்று இருந்தது எனக்கு. எல்லாத் தந்திரமும் எனக்குத் தெரியும், சட்டி தெரியும், சன்னல் தெரியும், யார் பெயரில் சீட்டு வாங்க வேண்டும் என்று தெரியும். வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தேன்.

உள்ளே நிலைப்படியில் என் மகள் நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாளோ தெரியவில்லை. என்னை அவள் பார்க்கவில்லை.

"உங்க பொண்ணு எங்கங்க?" என்று அவரைக் கேட்டாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கேட்டாண்ட சைக்கிள்ல குந்திகினு இருக்குதும்மா. உள்ள இட்டாந்தா நாலு பேரு பாப்பாங்களேன்னுட்டு வெளியவே வுட்டுட்டு வந்தேன்."

நான் எட்டிப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் ஸ்டாண்டு போட்ட சைக்கிள். பின் கேரியரில் ஒரு சின்னப் பெண், தலையில் துண்டைப் போர்த்தி, முகம் தெரியாமல் சுவரைப் பார்க்க உட்காரவைக்கப்பட்டிருந்தாள். வெயில் அவள் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. கொண்டுவந்தவன் அவளிடம் என்ன சொல்லி வைத்திருப்பான் என்று எனக்கு வார்த்தைக்கு வார்த்தை தெரியும். எல்லாம் நான் சொன்னவைதான்.

என் மகள் படியிறங்கிப் போனாள். தெருவில் இரண்டு பக்க வீடுகளிலும் ஆட்கள் இருந்தார்கள், பேப்பர் படிப்பவர்கள், தலை காயவைப்பவர்கள். அவள் குழந்தையின் தலையிலிருந்த துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். ஏதோ கேட்டாள். குழந்தை பதில் சொல்லாமல் அப்பாவைத் திரும்பிப் பார்த்தது. அந்த ஆள் படியிலேயே நின்று, வேண்டாம் என்கிற மாதிரி தலையை அசைக்க ஆரம்பித்தார்.

நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"தலையாட்டாதீங்கய்யா" என்றேன். "அது பாத்துக்கிட்டே இருக்கு."

என் மகள் குழந்தையைத் தூக்கி இறக்கப் பார்த்தாள். பழைய சைக்கிள், ஸ்டாண்டு நிலையில்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன்.